நெக்ரோனுக்கு வாஷ் அடித்தால் வெள்ளை படிகிறது, என்ன காரணம்?

கொக்குவில் நெக்ரோன்:

எல்லாருக்கும் வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். வார்ஹாமர் 40,000 என்கிற மேசை விளையாட்டுக்கு நெக்ரோன் (எலும்புக்கூடு மாதிரியான இயந்திரங்கள்) படை ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பெயின்ற் பண்ணி வருகிறேன். இங்கே என்னோடு விளையாட இரண்டு மூன்று பெடியள் இருக்கிறார்கள், ரூல்ஸ் புத்தகத்தின் விலை எங்களுக்குக் கட்டாது என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒன் பேஜ் ரூல்ஸை வைத்து விளையாடுகிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் செய்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹாட்வெயார் கடையில் வாங்கிய மற் கறுப்பு ஸ்பிறே, அதற்கு மேல் லெட்பெல்ச்சர் என்ற கரும் வெள்ளி நிறம், காய்ந்ததும் நுல்ன் ஒயில் வாஷ் (இடுக்குகளுக்குள் இறங்குகிற நீர்த்த கறுப்பு), பிறகு வெளிறிய வெள்ளி நிறத்தால் டிரைபிரஷ் (காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் உரசுவது), கடைசியில் கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் பச்சை. நுல்ன் ஒயில் போத்தல் அடிக்கு வந்துவிட்டது, அதனால் தண்ணி கலந்து நீட்டி அடிக்கிறேன். ஈரமாக இருக்கும்போது பார்க்க அவ்வளவு வடிவு, விலா எலும்புகளுக்கு இடையில் கறுப்பு இறங்கி ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும். காய்ந்த பிறகுதான் பிரச்சினை. அந்த இடுக்குகளுக்குள்ளேயே வெளிறிய ஒரு படலம் வந்துவிடுகிறது, தோள் தட்டின் நடுவிலே வளையமாக ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினால் கொஞ்சம் தூளாக வருகிறது.

இதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் ஸ்பிறே பண்ணிய மினிகள் (இந்தச் சின்னப் பொம்மைகள்) கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கின்றன. இப்போது ஐப்பசி மழை தொடங்கிய பிறகு அடித்தவை சொரசொரப்பில்லை, ஆனால் கறுப்பு மங்கிப் புகை படிந்து கிடக்கிறது. ஒரே கான், ஒரே முற்றம். வீடியோக்களில் எல்லாரும் கானை நன்றாகக் குலுக்கு என்றுதான் சொல்கிறார்கள், குலுக்கிக் குலுக்கிக் கை வலிக்கிறது. இங்கே உள்ள காலநிலையில் பெயின்ற் பண்ணுகிற ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.


பருத்தித்துறை ஓர்க்:

மச்சான், இது ஈரப்பதன். ஸ்பிறேயில் இருக்கிற கரைப்பான் கெதியாக ஆவியாகும்போது மினியின் மேற்பரப்பு குளிரும், காற்றில் நிறைய ஈரம் இருந்தால் அது அங்கே படிந்து காயாத பெயின்றுக்குள்ளே அகப்பட்டுவிடும். அதுதான் நீ சொல்கிற புகை. மற் வார்னிஷ் அடித்தாலும் இதே கதைதான், கார்த்திகை மாதத்தில் வார்னிஷ் கானைக் கையால் தொடவே கூடாது என்பது என் முடிவு.

சோளகத்தில் நடப்பது நேர்மாறு. வெயிலும் காற்றும் சேர்ந்து, துளி மினியில் போய்ப் படுவதற்கு முன்னமே பாதி காய்ந்துவிடும். காய்ந்த துளி பரவாது, மணியாக ஒட்டும். அதனால்தான் சொரசொரப்பு. அந்தக் காலத்தில் கொஞ்சம் கிட்டப் பிடித்து, மதிலுக்குப் பின்னால் காற்று மறைவில், குறுக்கே வீசி வீசி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் விபரம் எல்லாம் மூடிப்போகும்.

ஸ்பிறே பண்ணுகிறதென்றால் எனக்குச் சரிவருகிற காலம் தையில் இருந்து பங்குனி வரை. காலையில் பனி கலைந்து வெயில் ஏறிய பிறகு, பத்து மணி போல. அந்த நாளில் மொத்தமாக அடித்து வைத்துவிட்டு மழைக்காலம் முழுக்க உள்ளே இருந்து தூரிகை வேலை பார்ப்பேன். மழைக்குள் அவசரமென்றால் வல்லேஹோ கொம்பனியின் சேர்ஃபஸ் பிரைமர் (அடிப்பூச்சு), தூரிகையாலேயே பூசலாம். தண்ணி கலக்காதே, மெல்லிசாக இரண்டு முறை பூசி, இரவு முழுக்க விட்டுவிடு. முதல் பூச்சு திட்டுத் திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும், இரண்டாவதில் சரியாகிவிடும்.

ஹாட்வெயார் கான் பாவிக்கலாம், ஆனால் புதுக் கொம்பனிக் கான் வாங்கினால் மினி வந்த பிளாஸ்ரிக் சட்டத்தின் மிச்சத் துண்டில் அடித்துப் பார். சில வாகன ஸ்பிறேக்களின் கரைப்பான் மினியின் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கை அரிக்கும்.

வாஷை விட்டுவிட்டு, ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தருகிற கொன்ட்ராஸ்ற் பெயின்றுக்கு மாறு. நான் ஓர்க் படை முழுக்க அதால்தான் முடித்தேன்.


உரும்பிராய் செம்மண்:

ஓர்க் தம்பி ஸ்பிறேயைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கேள்வியை ஒருக்கால் திரும்ப வாசித்துப் பாரும். வாஷுக்குப் பிறகுதான் வெள்ளை வருகிறது, அதுவும் வாஷ் தேங்குகிற இடத்தில். ஈரப்பதனால் வருகிற வெள்ளை மினி முழுக்கப் படரும், இடுக்குகளை மட்டும் தேடிப்போய் உட்காராது. சுரண்டினால் தூளாக வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். என் சந்தேகம் தண்ணியில்தான்.

நெக்ரோன் தம்பி, வாஷுக்கு எந்தத் தண்ணி கலக்கிறீர்? கிணற்றுத் தண்ணி என்றால் உமது வீட்டுக் கேத்திலைத் திறந்து அடியைப் பாரும். வலிகாமத்தில் எங்கள் காலுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. தண்ணி ஆவியானால் கரைந்தது திரும்பக் கல்லாகப் படியும். கேத்திலில் பொருக்காகக் கட்டுகிறதும் அதுதான், குளியலறைக் குழாய் வாயில் வெள்ளையாக நிற்கிறதும் அதுதான். வேறு நிறத்தில் இது தெரியாமல் போகலாம். நீர் அடிப்பது கறுப்பு வாஷ், அதற்குள் துளி வெள்ளை வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கரையோரத்துச் சவர்க் கிணறு என்றால் சுண்ணாம்போடு உப்பும் சேரும், அது இன்னும் மோசம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பிளாஸ்ரிக் சட்டத் துண்டு ஒன்றுக்குக் கறுப்புப் பூசிக் காயவிடும். அதில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று சொட்டு வையும்: ஒன்று உங்கள் கிணற்றுத் தண்ணி, ஒன்று வாகனப் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணி, ஒன்று எதுவும் கலக்காத நுல்ன் ஒயில். ஃபானை நிறுத்திவிட்டு இரவு முழுக்க விடும். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பாரும்.

பற்றரித் தண்ணி எந்தக் கராச்சிலும் கிடைக்கும், உப்பு நீக்கிய தண்ணி, ஒரு போத்தல் மாதக்கணக்கில் காணும். வாங்கும்போது சாதாரண பற்றரித் தண்ணி என்று கேட்டு வாங்கும், அசிட் வேறு, அதைக் கொண்டுவந்துவிடாதேயும். நான் பெயின்ற் கரைக்கிறது, வெற் பலற் (நிறம் காயாமல் வைக்கிற ஈரத் தட்டு) நனைக்கிறது எல்லாம் அதில்தான். தூரிகை கழுவ மட்டும் கிணற்றுத் தண்ணி.


கொக்குவில் நெக்ரோன்:

அண்ணை, கிணற்றுத் தண்ணிதான். மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றி, குழாயில் வருகிறதைப் பிடித்துக் கலக்கிறேன். கேத்திலின் அடியைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியேதான். இன்றைக்கே சொட்டு வைத்துப் பார்க்கிறேன்.

ஓர்க், கொன்ட்ராஸ்ற் நல்லதென்று எனக்கும் தெரியும், ஆனால் கறுப்புக்கு மேல் அது எடுபடுமா?


தூரிகை:

தம்பி, எடுபடாது. கொன்ட்ராஸ்ற் 2019இல் வந்தபோது அதற்கென்றே வெளிறிய சாம்பலிலும் எலும்பு நிறத்திலும் அடிப்பூச்சுகளையும் சேர்த்துத்தான் விட்டார்கள். அது கண்ணாடி மாதிரி உள்ளுக்குள் தெரிகிற நிறம், கீழே வெளிச்சம் வேண்டும். வெள்ளி நிறத்துக்கு மேல் பூசினால் வரும், செம்பு, வெண்கலச் சாயல் எல்லாம் அப்படி எடுக்கலாம். ஓர்க்குடைய தோலுக்கு அது மிக அருமை, நான் மறுக்கவில்லை. நெக்ரோனுக்கு வாஷ்தான் சரி. பழைய இரும்பு, மூட்டுகளில் எண்ணெய் அழுக்கு, மேடுகளில் மட்டும் மினுக்கம், இதை வாஷும் டிரைபிரஷும் சேர்ந்து தருகிற மாதிரி வேறொன்றும் தராது. ஆகவே தம்பி, இருக்கிற முறையை மாற்ற வேண்டாம்.

தண்ணி விஷயத்தில் செம்மண் அண்ணை சொன்னதோடு நான் இரண்டு சொல்கிறேன்.

போத்தல் அடிக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வாஷில் மினுக்கம் வராமல் செய்ய ஒரு தூள் கலந்திருப்பார்கள், அது பாரம், கீழே போய் உட்காரும். நெடுக மேலாலேயே தொட்டு எடுத்து வந்தால் கடைசியில் மிஞ்சுவது அந்தத் தூள் கூடின வாஷ். அதுவும் காய்ந்தால் வெளிறும். அதனால் மூன்று சொட்டுச் சோதனையில் நுல்ன் ஒயில் சொட்டை நன்றாகக் குலுக்காமல் வைக்காதீர்கள், இல்லாவிட்டால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. போத்தல் அடியில் கட்டியாக இருந்தால் பல்லுக் குத்துகிற குச்சியால் கிளறிவிட்டுக் குலுக்குங்கள்.

அடுத்தது, தோள் தட்டில் வருகிற வளையம். தண்ணி மட்டும் காரணமாக இருக்காது. தேங்கிய துளி ஓரத்தில்தான் முதலில் காயும், காயக் காய நடுவில் இருப்பதை ஓரத்துக்கு இழுக்கும். எங்கள் வெக்கையில், தலைக்கு மேல் ஃபான் சுற்றினால் இது மிகக் கெதியாக நடக்கும். வாஷ் அடிக்கிற நேரம் ஃபானை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. தட்டையான இடங்களுக்கு வாஷைக் கொட்டாமல் தூரிகை நுனியால் இடுக்குக்குக் கொண்டுபோய் விடுங்கள். கூடிப்போனால் சுத்தமான ஈரத் தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு அந்தத் துளியில் வைத்தால் உறிஞ்சி எடுத்துவிடும். காயத் தொடங்கிய பிறகு தொட வேண்டாம், கிழிந்த மாதிரித் தடம் விழும்.

நீட்டுவதற்குத் தண்ணியை விட மீடியம் (நிறம் சேர்க்காத பெயின்ற்) நல்லது. லாமியன் மீடியம் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் எந்த அக்ரிலிக் மற் மீடியமும் சரி. தண்ணி அதிகம் சேர்ந்தால் நிறத்தைப் பிடித்து வைக்கிற பசை பலமில்லாமல் போகும், மீடியத்தில் அந்தப் பசை இருக்கிறது.

இன்னொன்று, லெட்பெல்ச்சர் கழுவிய தண்ணியில் மற்ற நிறத்துத் தூரிகையைக் கழுவாதீர்கள். உலோகத் தூள் தண்ணியில் மிதந்து பச்சைக்குள் வந்துவிடும், பிறகு கண் ஒளிராமல் மினுங்கும். இரண்டு கோப்பை வையுங்கள்.

வெற் பலற் இல்லையென்றால் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ஸ்பொஞ்சை நனைத்து, மேலே கேக் தட்டுக்கு விரிக்கிற ஒயில் பேப்பரைப் போடுங்கள். மெழுகு பூசிய தாள் சரிவராது, கீழிருந்து ஈரம் ஏற வேண்டும். மூடி வைத்தால் கலந்த நிறம் அடுத்த நாளும் காயாமல் இருக்கும். ஸ்பொஞ்சை அடிக்கடி கழுவுங்கள், எங்கள் சூட்டில் கெதியாக மணக்கும்.


ஸ்காபரோ:

ஊரை விட்டு வந்து கனகாலம், இந்தத் திரியைப் பார்த்துவிட்டு எழுதாமல் போக மனமில்லை. இங்கே எங்களுக்கு நேரெதிர்ப் பிரச்சினை, மாரியில் வெளியே குளிர் அதிகம், கான் சரியாகப் பீச்சாது, வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும்.

ஒன்று சொல்லிவைக்கிறேன், நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரரிடம் பெயின்ற் ஸ்பிறே கான் கேட்காதீர்கள். விமானத்தில் பெட்டிக்குள்ளும் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள், தபாலிலும் அனுப்ப ஏலாது. தண்ணியில் கரைகிற அக்ரிலிக் போத்தல்கள் கொண்டுவரலாம், மூடிக்கு ரேப் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டால் போதும். என்ன கேட்பது என்றால், வாஷ், மீடியம், தூரிகையால் பூசுகிற பிரைமர், ஒரு நல்ல கொலின்ஸ்கி மயிர்த் தூரிகை. சாதாரண நிறங்கள் ஊரிலேயே ஓவியச் சாமான் கடைகளில் சமாளிக்கலாம். பிளாஸ்ரிக் ஒட்டுகிற திரவத்தையும் கேட்காதீர்கள், அதுவும் தீப்பற்றும் பொருள்.


கொக்குவில் நெக்ரோன்:

சோதித்தாயிற்று. கறுப்பு பூசிய துண்டில் கிணற்றுத் தண்ணிச் சொட்டு காய்ந்த இடத்தில் வட்டமாக வெள்ளை விளிம்பு, நடுவிலும் மெல்லிய படலம். பற்றரித் தண்ணி வைத்த இடம் எதுவென்றே கண்டுபிடிக்க முடியவில்லை, பென்சிலால் குறித்து வைத்ததால்தான் தெரிந்தது. தூரிகை அக்கா சொன்ன மாதிரிக் கிளறிக் குலுக்கிய நுல்ன் ஒயில் சொட்டு நல்ல கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம் கடும் கோடு மட்டும்.

பிறகு ஒரு புது வொரியருக்கு (நெக்ரோன் சிப்பாய்) பற்றரித் தண்ணி கலந்து, ஃபானை நிறுத்திவிட்டு அடித்தேன். நெஞ்சுக் கூட்டுக்குள் கறுப்பு அப்படியே கறுப்பாக நிற்கிறது. முதுகுத்தண்டின் ஒவ்வொரு கணுவுக்கும் நடுவில் மெல்லிய கோடாக இறங்கியிருக்கிறது, டிரைபிரஷ் பண்ணியதும் கணுக்கள் மட்டும் வெளிச்சத்தைப் பிடிக்கின்றன. எனக்குச் சரியான சந்தோசம், எல்லாருக்கும் நன்றி.

ஏற்கெனவே வெள்ளை படிந்தவற்றை என்ன செய்வது? முழுக்கக் கழற்ற வேண்டுமா? அதோடு மினி நிற்கிற பேஸுக்கு எங்கள் செம்மண்ணையே போடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. செம்மண் அண்ணை, உங்கள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.


தூரிகை:

கழற்ற வேண்டாம். பற்றரித் தண்ணியில் நனைத்த தூரிகையால் மெதுவாகத் தேய்த்துத் தூளை எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒரு மினுக்க வார்னிஷ் கையால் பூசிப் பாருங்கள், மிச்ச வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்கு மேல் மீடியம் கலந்த வாஷ். கட்டாயம் கழற்றத்தான் வேண்டுமென்றால் ஐசோபுரோபைல் அற்ககோல், அல்லது கலக்காத டெற்றோலில் ஊறப்போட்டுப் பழைய பல்லு பிரஷ்ஷால் தேயுங்கள். டெற்றோல் என்றால் பெயின்ற் முழுக்கப் போகும்வரை தண்ணி படக்கூடாது, தண்ணி பட்டால் பிசினாகி இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். கையுறை போடுங்கள். நகப்பூச்சு அழிக்கிற அசெற்றோன் வேண்டவே வேண்டாம், பிளாஸ்ரிக் உருகிவிடும்.


உரும்பிராய் செம்மண்:

தம்பி, நெக்ரோனுக்கு செம்மண்ணைப் போல் பொருந்துகிற பேஸ் வேறில்லை. அறுபது மில்லியன் வருடம் மண்ணுக்குக் கீழே கல்லறையில் படுத்திருந்து எழும்பி வருகிற இயந்திரங்கள். தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் வருகிற அந்தச் சிவப்பில் இருந்து எழும்பி நிற்கிறதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. கடையில் விற்கிற செவ்வாய்க் கிரக மண் மாதிரிக் காய்ந்து வெடிக்கிற பெயின்ற் வாங்கிப் பார்த்திருக்கிறேன், நல்ல சாமான்தான், ஆனால் எங்கள் மண்ணின் நிறம் அதில் இல்லை.

செய்கிற முறை இது. ஒரு கைப்பிடி மண் எடுத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கட்டிகளை உடைத்துத் தேயிலை வடியால் அரியும். பிறகு பழைய தாச்சியில் போட்டு அடுப்பில் கொஞ்சம் வறும், வேர், பூச்சி முட்டை எல்லாம் போகட்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பேஸில் பூஞ்சணம் பிடிக்கும். அரித்த மண் மட்டும் போட்டால் மாவாக, தட்டையாக இருக்கும். வீட்டு வேலைக்குப் பறித்த மணலில் மிச்சம் இருந்தால் அதில் கொஞ்சம் பெரிய மணியும், இரண்டொரு சுண்ணாம்புக்கல் சில்லும் சேரும். கடற்கரை மணல் என்றால் நல்ல தண்ணியில் பல முறை அலசிக் காயவைத்த பிறகுதான், உப்பு இருந்தால் பிறகு பூக்கும், திரும்பவும் இதே வெள்ளைப் பிரச்சினைதான்.

பைண்டர் கம்மைப் பேஸில் தடவி, கல்லை முதலில் வைத்து, மண்ணுக்குள் அமத்தி எடுத்துத் தட்டிவிடும். காய்ந்ததும் கம்மைப் பற்றரித் தண்ணியில் கரைத்து, ஒரு சொட்டு சவுக்காரத் தண்ணியும் விட்டு, மேலே சொட்டுச் சொட்டாக விடும். சவுக்காரம் இல்லாவிட்டால் அந்தத் தண்ணி மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: கம் குடித்த செம்மண் கருஞ்சிவப்பாகிவிடும், காய்ந்தாலும் பழைய நிறத்துக்கு வராது. அதற்காகப் பயப்பட வேண்டாம். செம்மஞ்சளில் துளி வெள்ளை கலந்து மேலால் டிரைபிரஷ் பண்ணினால் தோட்டத்து வெயில் நிறம் திரும்ப வரும், பள்ளங்களில் மழை நனைந்த நிறம் அப்படியே நிற்கும்.

பனந்தும்பு ஒரு துண்டு வெட்டி மண்ணில் இருந்து வெளியே வருகிற வயர் மாதிரி வையும், கறுப்புப் பூசி நுனிக்குப் பச்சை தொட்டால் போதும். ஈர்க்குத் துண்டை உடைத்துப் போட்டால் குழாய். மினியின் காலைப் பேஸில் முதலே ஒட்டாமல் தனியாகப் பெயின்ற் பண்ணி, கடைசியில் சுப்பர் குளுவால் ஒட்டும், செம்மண் தூள் ஈர வாஷில் பட்டால் எடுக்கவே ஏலாது. பேஸின் ஓரத்தைக் கறுப்பால் சுற்றி இழுத்து முடியும்.


பருத்தித்துறை ஓர்க்:

அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், நெக்ரோனுக்கு வாஷ்தான். மச்சான், நீ முதுகுத்தண்டைப் பற்றி எழுதினதை வாசித்ததும் எனக்கே ஒரு நெக்ரோன் செய்ய ஆசை வந்துவிட்டது. என்னிடம் சேர்ஃபஸ் பிரைமர் அரைப் போத்தல் இருக்கிறது, மழை விட்டதும் வருகிற ஞாயிறு கொக்குவில் பக்கம் வருகிறேன், அதைக் கொண்டுவந்து தருகிறேன். ஓர்க் படையையும் எடுத்து வரட்டா? மேசை பெரிதென்றால் ஒரு படைக்கு 1000 புள்ளி என்று வைத்து விளையாடலாம், சிறிதென்றால் 500 காணும்.